தொண்ணூற்றெட்டு வளையம், அறுபத்திரண்டு நாள்

“ஏனுங்க, நீங்கதானுங்களா என்ற குஞ்சுகளுக்கு வயசு சொன்னது?”

வான்கூவரில் காலை ஏழு மணி. வாயில் பிரஷ். தெரியாத இந்திய எண் என்றதும் தூத்துக்குடியில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பதறித்தான் எடுத்தேன். பேசியவர் பெயர் பாக்கியம். ஊர் மடத்துக்குளம், உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். விரால் மீன் குஞ்சு வளர்த்து விற்கிறவர். இருபது நிமிடம் பேசினார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை, ஒரு வாக்கியத்தில்கூட ‘ங்க’ குறையவில்லை. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் திட்டியதில்லை. கடைசியாக, “ஒருக்கா வந்து கண்ணுல பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க. பாக்காம சொன்னதுல என்ற பொழப்பு போச்சுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் தொழில் மீனின் காதுக்கல்லைப் படிப்பது. மீனுக்கு வெளியே காது கிடையாது. தலைக்குள்ளே, மூளைக்கு அடியில், சின்னச் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. குஞ்சு மீனிடம் அது கடுகைவிடச் சிறியது. அதை எடுத்து மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். நாளுக்கு ஒரு வளையம். எண்ணினால் வயது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் வளையம் அகலும், குளிர்ந்தால் ஒடுங்கும், சூடு திடீரென்று மாறினால் கறுப்பாக ஒரு கோடு விழும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கனடாவில் எங்கள் சால்மன் பொரிப்பகங்களில் தண்ணீரை வேண்டுமென்றே சூடாக்கி ஆறவைத்து, காதுக்கல்லில் கோடு போட்டு அடையாளம் வைத்துத்தான் குஞ்சுகளை வெளியே விடுகிறோம்.

அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன்? அந்த அழைப்புக்கு மூன்று வாரம் முன்பு, கூடப் படித்த ஒருவன் சென்னையிலிருந்து சில காதுக்கல் படங்கள் அனுப்பினான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் விரால் வளர்க்கிறதாம். இருபது நாள் குஞ்சு என்று பாக்கியத்திடம் வாங்கி ஆறு வாரம் வளர்த்தும் குஞ்சு பெரிதாகவில்லையாம். அவர் சொன்னது உண்மையானால் மீனுக்கு வயது அறுபத்திரண்டு நாள் இருக்க வேண்டும். நான் எண்ணினேன். தொண்ணூற்றெட்டு வளையம். ‘வயது ஏறத்தாழ தொண்ணூற்றெட்டு நாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

கனடா மீன் என்றால் தண்ணீரின் சூட்டு விவரம் கேட்காமல் பேனாவைத் தொட மாட்டேன். திருப்பூர் மீனுக்குக் கேட்கவில்லை. நம்மூர்த் தண்ணீர்தானே, எப்போதும் ஒரே வெதுவெதுப்பு என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் என்னை நானே ஓர் அறை விடலாம் போல இருக்கிறது.

அந்தக் கடிதம் ‘வெளிநாட்டு லேப் சர்டிபிகேட்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கிறது. முப்பத்தாறு நாள் கூடுதல். வளர்ச்சி நின்றுபோன பழைய குஞ்சை இளங்குஞ்சு என்று ஏமாற்றி விற்றவர் பாக்கியம் என்று உடுமலைச் சுற்றுவட்டாரத்தில் மீன் வளர்க்கிற அத்தனை பேரும் படித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் இறங்கி உடுமலை பஸ் பிடித்தேன். வெப்பமானி வைத்திருந்த பையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் கண்டக்டர் விடவில்லை. “இங்க வச்சா சேஃப்டிங்க மேடம்” என்று இன்ஜின் மூடியின் மேல் வைத்துவிட்டார். பொள்ளாச்சியில் எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு டிகிரி காட்டியது. தண்ணீரின் சூடு பார்க்கக் கடல் கடந்து கொண்டுவந்த கருவி முதல் நாளே இப்படி வெந்தது. கண்டக்டரிடம் சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பாக்கியத்துக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஓர் ஆண்கள் சட்டை, முழங்கை வரை ஈரம். வாசலில் என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். அரிசியும் பருப்புஞ்சாதம் சுடச்சுட வைத்து, மேலே நெய்யை ஊற்றினார். “சாப்டுங்க. சண்ட அப்பறம் போட்டுக்கலாமுங்க” என்றார். வான்கூவரில் என்மேல் கோபப்படுகிறவர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். சோறு போட்டுவிட்டுக் கோபப்படுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிகள். ஒன்றில் பதினெட்டு நாள் குஞ்சுகள் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வழக்கமாக இந்நேரம் கேனும் ஆக்சிஜன் பையுமாக ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்களாம். ஒருவரும் வரவில்லை.

“இன்னும் ஒரு வாரம் தாங்குமுங்க. விராலு இல்லீங்களா? நெருக்கத்துல கெடந்தா பெருசு சின்னத முழுங்கிப்போடும். எல்லாத்தையும் வளத்தறதுக்கு எங்கிட்ட எடமும் இல்லீங்க” என்றார் பாக்கியம். பிறகு என்னைப் பார்த்தார். “முட்டை பொரிச்ச அன்னைக்கு நான் பக்கத்துல நின்னவளுங்க. நீங்க கல்லப் பாத்துட்டு எனக்கு நாள் சொல்றீங்க.”

தொட்டியில் சூடு பார்த்தேன். காலையும் மாலையும் பெரிய வித்தியாசம் இருக்காத, நிழல் விழுந்த தொட்டி. இங்கே தப்பில்லை என்று அப்போதே தெரிந்தது.

சனிக்கிழமை காலை திருப்பூர். லாட்ஜ் வாசலில் கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. மீன் வளர்க்கிற நிறுவனம் எனக்கு வேன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. எது என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். “ஏறுங்கக்கா, பிந்திட்டுன்னா சூப்பர்வைசர் கத்துவான்.” தெற்கத்திப் பேச்சைக் கேட்டதும் நானும் ஏதோ சொந்தக்காரி போல உட்கார்ந்துவிட்டேன். ஊர் கேட்டாள், தூத்துக்குடி என்றேன். அவள் சாத்தான்குளம். “வந்து எத்தன நாளாச்சுக்கா? செக்கிங்கா, பேக்கிங்கா?” என்றாள். மீன் காது பார்க்க வந்தேன் என்றதும் பின்சீட்டில் இருந்த வடநாட்டுப் பெண்களுக்கு அவளே இந்தியில் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, வேன் முழுவதும் சிரிப்பு. இறங்கியது வேறு ஒரு கம்பெனி. வாசலில் அட்டெண்டன்ஸ் மெஷினில் விரல் வைக்கச் சொன்னார்கள். மெஷின் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கிருந்து வெளியே வர அரைமணி நேரம், ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும், பிறகு முதலிபாளையத்துக்கு டவுன் பஸ்.

நிறுவனத்தின் சாயப்பட்டறைக்குப் பின்புறம் மீன் தொட்டிகள். முன்பக்கம் கண்ணாடி. மேலே பெரிய பலகை, தமிழிலும் ஆங்கிலத்திலும்: ‘எங்கள் தண்ணீரில் மீன் வாழ்கிறது’. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் முதலில் இங்கேதான் அழைத்துவருவார்களாம். மீனைப் பார்த்துக்கொள்கிறவர் டையிங் மாஸ்டர் சின்னராஜ். முப்பது வருஷமாகத் துணிக்குச் சாயம் ஏற்றியவர். மீனுக்கும் அதே பேச்சுத்தான். “இது ஏ லாட்டுங்க மேடம், அது பி லாட்டு. பி லாட்டுதான் அந்த மடத்துக்குளத்து அம்மா குடுத்தது. மீட்டர் ஏறவே இல்லீங்க.”

“தண்ணீர் எவ்வளவு சூடு?” என்றேன்.

“ஆவரேஜ் முப்பதுங்க.” பெருமையாக ஒரு நோட்டைக் காட்டினார். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை பார்த்து, கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். ஆறு வாரமும் முப்பது, முப்பது, முப்பது. அந்த நோட்டைக் கேட்டு வாங்கியிருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பேன் என்று தோன்றியது. அதற்காக என் தப்பு குறைந்துவிடாது.

வெப்பமானியைத் தொட்டியில் இறக்கிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இருபத்தெட்டு. பத்தரைக்கும் இருபத்தெட்டு. பதினொரு மணிக்குச் சுவரில் இருந்த குழாய் கொட்டியது. நீராவி எழுந்தது. முப்பது. முப்பத்திரண்டு. அரைமணி நேரத்தில் முப்பத்தைந்து. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்தன. விரால் என்பதால் பிழைத்தன. வேறு மீனாக இருந்தால் பலகையைக் கழற்ற வேண்டி வந்திருக்கும்.

“என்னய்யா இது?” என்று கத்திவிட்டேன். மாஸ்டர் என்று சொல்லக்கூட மறந்துபோனது.

“சாயத்தண்ணி இல்லீங்க மேடம்! துணி இருக்கற தண்ணி வேற, மெஷினச் சுத்தி ஓடி ஆத்தற தண்ணி வேற. இது சுத்தமுங்க.” கையில் பிடித்து ஊதி ஊதிக் குடித்தும் காட்டினார். “ஒரு லாட்டுத் துணி முடிஞ்சா இந்தத் தண்ணி இங்க வருமுங்க. சூடு குடுத்தா மீனு சீக்கரம் வளரும்னு யூட்யூப்ல போட்டிருந்தாங்க. சும்மா போற சூடுதானுங்களே.”

“ஒரு நாளைக்கு எத்தனை லாட்?”

“ரெண்டுங்க. பகல்ல பதினொன்னு, ராத்திரி பதினொன்னு.”

சூடு மீனை வளர்க்கும், உண்மைதான். ஒரே சீராகக் கொடுத்தால். ஏழு டிகிரி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் குஞ்சு தின்பதை நிறுத்திவிடும். உடம்பு நின்றுபோகும். காதுக்கல் நிற்காது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் அது பாட்டுக்கு வளரும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளும்.

மாலையில் லாட்ஜ் அறையில் பழைய படங்களைத் திறந்தேன். முதல் இருபது வளையம் ஒழுங்காக, சம இடைவெளியில். அது பாக்கியத்தின் தொட்டி. இருபத்தொன்றிலிருந்து இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருந்தன. எத்தனை முறை பார்த்த படம்! ஆறு ஜோடி, அதன்பின் அகலமாகத் தனி வளையம் ஒன்று. மறுபடி ஆறு ஜோடி, தனியாக ஒன்று. இப்படி ஆறு தடவை. ஜோடி புரிந்தது: நாளுக்கு இரண்டு சூடு, இரண்டு கோடு. அந்தத் தனி வளையம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அது புரியாவிட்டால் நான் சொல்வதை எவனும் நம்பமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரே தெருவில் நின்றது. கறிக்கடையில் கூட்டம், செல்போன் கடையில் கூட்டம், புதுச் சட்டை போட்ட பையன்கள் ஒடியாவிலும் இந்தியிலும் பேசிக்கொண்டு கும்பலாக நடந்தார்கள். ஆட்டோ பிடித்து முதலிபாளையம் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “இன்னைக்கு எல்லாக் கம்பெனியும் லீவுங்க மேடம். அங்க போயி என்னங்க பண்ணப்போறீங்க?”

எனக்கு அங்கேயே உறைத்தது. கனடாவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. ஒரு நாள் மட்டும் ஓய்கிற ஊர் என் நினைவிலேயே இல்லை. வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போனேன். பதினொரு மணி. குழாய் காய்ந்து கிடந்தது. தண்ணீர் இருபத்தெட்டு. வாரத்தில் ஆறு நாள் இரண்டு வளையம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வாரத்துக்குப் பதின்மூன்று. ஆறு வாரத்துக்கு எழுபத்தெட்டு. முன்னால் உள்ள இருபதையும் சேர்த்தால் தொண்ணூற்றெட்டு. வயது அறுபத்திரண்டுதான். பாக்கியம் ஒரு நாள்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாஸ்டர் சின்னராஜை உட்காரவைத்துப் படத்தைக் காட்டினேன். லாட் புத்தகத்தைத் தானே எடுத்துவந்து ஒவ்வொரு ஜோடியாக விரல் வைத்துப் பார்த்தார். மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிட்டார். “நான் குடுத்த சூடெல்லாம் அதுக்கு வயசா விழுந்துருச்சுங்களா?” என்றார். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

மாடிக்குப் போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார். “வயச மட்டும் திருத்தி எழுதிக் குடுக்கச் சொன்னாருங்க. காரணம் வேண்டாமுங்களாம். அடுத்த வாரம் பையர் வர்றாங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “காரணம் எழுதுனா என்னத்தான் வெளிய அனுப்புவாங்க மேடம். என்ற புள்ள இந்த வருசந்தானுங்க காலேஜ் சேந்துச்சு.”

நான் கத்தியிருக்க வேண்டும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன்? கண்டக்டரிடம் கத்தினேன், மாஸ்டரிடம் கத்தினேன். யாரிடம் கத்த வேண்டுமோ அவர் மாடியில் இருந்தார், நான் மாடி ஏறவில்லை. வயது திருந்தினால் பாக்கியத்தின் பெயர் திருந்திவிடும், மாஸ்டரும் பிழைத்துப்போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ‘முன்பு தெரிவித்த வயது தவறு. சரியான வயது அறுபத்திரண்டு நாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியம் அவர்கள் வரவழைத்த பள்ளிபாளையம் சிக்கனையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மடத்துக்குளம். தொட்டியில் குஞ்சுகள் கலைந்து திரிந்தன. ஒரு பெரிய குஞ்சின் வாயில் இன்னொன்றின் வால் ஆடிக்கொண்டிருந்தது. பாக்கியம் அதைப் பார்த்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, “இத வாட்ஸ்அப்புல போட்டா எவனும் படிக்கமாட்டானுங்க. கெட்டதுன்னாத்தான் படிப்பாங்க. நீங்களே வந்து வாயில சொல்லுங்க” என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

வழக்கமாக அவரிடம் குஞ்சு வாங்குகிறவர்கள் பதினோரு வீடு. பின்சீட்டில் கடிதமும் கையுமாக உட்கார்ந்தேன். கொமரலிங்கம் பக்கம் ஒரு பள்ளத்தில் இருவரும் சேர்ந்து விழுந்தோம். எனக்கு முழங்கை, அவருக்கு முட்டி. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி போனோம். எல்லா வீட்டிலும் வாங்க என்றார்கள், இளநீர் வெட்டினார்கள், மோர் கொடுத்தார்கள், கடிதத்தை வாங்கிப் படித்தார்கள். நான் தப்பு என்னுடையது என்று சொன்னேன். “அப்படீங்களா, சரீங்க. பாக்கலாமுங்க” என்றார்கள். பத்து வீட்டிலும் அதே ‘பாக்கலாமுங்க’. ஒருவர்கூடக் கேனை எடுக்கவில்லை. அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. வெளிநாட்டுக்காரி தப்பாகச் சொன்னபோது உடனே நம்பினீர்கள், சரியாகச் சொல்லும்போது ஏன் நம்பமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு வீட்டில் கேட்டும்விட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டு இன்னொரு தம்ளர் மோர் கொடுத்தார்கள்.

பதினோராவது வீடு பழனிச்சாமி என்பவருடையது. தென்னந்தோப்புக்குள் இரண்டு குட்டை. கண்ணாடி போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“வயசு தப்புங்கறீங்க. சரீங்க, ஒத்துக்கறேன். ஆனா ஆறு வாரமாத் தீனி போட்டும் குஞ்சு வளரலீங்களே? போன லெட்டருல, கெழட்டுக் குஞ்சு, அதனால வளரலைன்னு ஆச்சு. இதுல, எளங்குஞ்சுதான், இருந்தும் வளரலைன்னு ஆகுது. இது அதவிட மோசமில்லீங்களா? வளராத குஞ்ச நான் எதுக்குங்க வாங்கோணும்?”

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், இதை இரண்டாவது வீட்டிலேயே புரிந்துகொண்டவர் போல இருந்தது. யாராவது வாய்விட்டுக் கேட்கட்டும் என்று என்னை வீடு வீடாகக் கூட்டிவந்திருக்கிறார்.

கடிதத்தைப் பழனிச்சாமியின் கையிலிருந்து வாங்கினேன். பேனா கேட்டேன். முழங்கை எரிந்தது. அங்கேயே, ஓர் உர மூட்டையின் மேல் வைத்து, வயதுக்குக் கீழே எழுதினேன்: குஞ்சில் குறை இல்லை. மெஷினை ஆற்றிய சுடுநீரை நாளுக்கு இரண்டு தடவை மீன் தொட்டியில் விட்டார்கள். இருபத்தெட்டு டிகிரி அரைமணியில் முப்பத்தைந்து ஆவதை நானே பக்கத்தில் இருந்து அளந்தேன். வளர்ச்சி நின்றதும் வளையம் கூடியதும் அதனால்தான். விட்டது நிறுவனம், அதற்குப் பொறுப்பு அதன் முதலாளி. நிறுவனத்தின் பெயரை முழுதாக எழுதினேன். மாஸ்டரின் பெயரை எழுதவில்லை. அதனால் அவர் தப்பிப்பாரா என்று எனக்குத் தெரியாது. முந்தின நாள் மாடி ஏறியிருந்தால் தெரிந்திருக்கும்.

பழனிச்சாமி மூன்றாவது தடவை படித்தார். பிறகு உள்ளே பார்த்து, “ரெண்டு கேன எடுத்துட்டு வாங்க” என்று குரல் கொடுத்தார்.

பாக்கியம் கடிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். நன்றி என்று ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தது உண்மை. அவர் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, பின்சீட்டை முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்தார்.

“பத்து ஊட்டுக்கும் மறுக்காப் போகோணுமுங்க. ஏறுங்க.”

ஏறினேன்.